கடைசி இடத்து அணி எப்படி எழுகிறது? என்.எச்.எல். மறுகட்டுமானம் பற்றிக் கேள்வி பதில்

வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கியில் 32 அணிகள் ஆடுகின்றன. அவற்றில் 16 மட்டுமே, சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளுக்குப் போகும். இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பது டிராஃப்ட், அதில் ஒவ்வொரு முறையும் ஒரு பிக். அணிகள் தங்களுக்குள் வீரர்களையும் பிக்குகளையும் மாற்றிக்கொள்வது டிரேடு. தொடர்ந்து தோற்கும் அணி இந்த இரண்டையும் வைத்து எப்படித் தன்னைத் திரும்பக் கட்டுகிறது என்பது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

கேள்வி: கடைசியில் முடிக்கும் அணிக்குத்தான் டிராஃப்டில் முதல் பிக் என்று நினைத்திருந்தேன். பிறகு எதற்கு லாட்டரி? சீசன் கைவிட்டுப் போனதும் தோற்றுக்கொண்டே இருந்தால் லாபம்தானே?

அந்த லாபத்தைக் குறைக்கத்தான் லாட்டரி வந்தது. பிளேஆஃப் போகாத 16 அணிகளும் அதில் இருக்கும். முதல் பிக்குக்கு ஒரு குலுக்கல், இரண்டாவது பிக்குக்கு ஒரு குலுக்கல். கடைசி அணிக்கு முதல் குலுக்கலில் 18.5 சதவீத வாய்ப்பு, அதற்கு முந்தைய அணிக்கு 13.5. குலுக்கலில் வென்றாலும் 10 இடத்துக்கு மேல் ஏற முடியாது. ஆகவே பிளேஆஃபை மயிரிழையில் தவறவிட்ட ஐந்து அணிகளில் ஒன்று வென்றால் முதல் பிக் கடைசி அணியிடமே தங்கிவிடும். அதையும் கூட்டினால் 25.5 சதவீதம். ஆக நான்கில் மூன்று தடவை ஏமாற்றம்தான். ஆனால் மூன்றாவது பிக்குக்குக் கீழே தள்ள மாட்டார்கள். ஐந்து ஆண்டுகளில் இரண்டு முறைக்கு மேல் ஓர் அணி லாட்டரி வெல்லவும் முடியாது.

2016-17 கொலராடோ அவலாஞ்சைப் பாருங்கள். 82 ஆட்டங்களில் வெறும் 48 புள்ளி. அப்போது மூன்று குலுக்கல் இருந்தது, மூன்றிலும் தோற்று நாலாவது இடத்துக்குப் போனார்கள். ஊரே துக்கம் கொண்டாடியது. அந்த நாலாவது பிக்கில் எடுத்தது கேல் மகாரை. 2022-இல் என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையோடு பிளேஆஃபின் சிறந்த வீரர் விருதையும் அவர் தூக்கினார். யாரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது எத்தனையாவது பிக் என்பதைவிடப் பெரிய விஷயம்.

இன்னொன்று: வீரர்களும் பயிற்சியாளரும் தோற்பதற்காக ஆடுவதில்லை. நிர்வாகம்தான் அணியை மெலிய விடுகிறது. அளவு மீறி மெலிய விட்டால், வளர வேண்டிய பிள்ளைகள் தோல்வியையே பழக்கமாக்கிக்கொள்வார்கள்.

கேள்வி: சார், மறுகட்டுமானம் என்று முடிவெடுத்த அணி முதலில் யாரை விற்க வேண்டும்? ரசிகர்களுக்குப் பிடித்த நட்சத்திரத்தையே விற்பது சரியா?

ஒரு எளிய கணக்குப் போடுங்கள். இந்த ஆண்டு டிராஃப்டில் எடுக்கும் 18 வயதுப் பையன் அணியைத் தாங்கும் வயது 22, 23. அதாவது நான்கைந்து ஆண்டுகள். இப்போது 28 வயதில் இருக்கும் நட்சத்திரத்துக்கு அன்றைக்கு 33 ஆகியிருக்கும். ஆகவே அவரை விற்க வேண்டும். 22, 23 வயதில் ஏற்கெனவே நன்றாக ஆடுபவரை எந்த விலைக்கும் தொடாதீர்கள்.

எப்போது விற்பது என்பதில்தான் பெரும்பாலான மேலாளர்கள் சறுக்குகிறார்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் ஒன்றரை சீசனாவது மிச்சம் இருக்கும்போது விற்றால், வாங்குபவருக்கு இரண்டு பிளேஆஃப் கிடைக்கும், விலை ஏறும். கடைசி சில மாதங்கள் மட்டும் மிச்சம் இருந்தால் அவர் வாடகை வீரர்தான். மார்ச் தொடக்கத்தில் டிரேடு கெடு முடியும் நாளில் கிடைத்த விலைக்குத் தள்ள வேண்டிவரும். ஒப்பந்தத்தில் வீரரின் சம்மதம் இல்லாமல் டிரேடு செய்யக்கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்பதையும் முதலிலேயே பாருங்கள். அது இருந்தால் போகும் ஊரை அவர்தான் முடிவு செய்வார்.

பாடமாக வைக்கத்தக்கது கொலராடோவின் மாட் டுஷேன் டிரேடு. அவர் டிரேடு கேட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு, ஆனால் மேலாளர் ஜோ சாகிக் அவசரப்படவில்லை. 2017 நவம்பரில் ஆட்டவா, நாஷ்வில் இரண்டையும் சேர்த்து மூன்று அணி டிரேடாக முடித்தார். ஒப்பந்தத்தில் அப்போது அந்த சீசனும் அடுத்த முழு சீசனும் மிச்சம். கொலராடோவுக்கு வந்தவை: சாமுவேல் ஜிரார்ட் என்ற இளம் டிஃபென்ஸ்மேன், விளாடிஸ்லாவ் காமெனெவ், ஷேன் பவர்ஸ், கோல்கீப்பர் ஆண்ட்ரூ ஹாமண்ட், ஒரு முதல் சுற்று பிக், ஒரு இரண்டாம் சுற்று, ஒரு மூன்றாம் சுற்று. இதில் பாதி பலிக்கவில்லை. ஜிரார்டும் அந்த முதல் சுற்று பிக்கும் பலித்தன, அவையே போதும். ஒரு வீரருக்கு ஒரு வீரர் என்று வாங்கியிருந்தால் அந்த ஒன்று பொய்த்தாலே கதை முடிந்திருக்கும்.

கேள்வி: அந்த முதல் சுற்று பிக்கில் ஏதோ நிபந்தனை இருந்ததாமே? பிக்குக்குப் பாதுகாப்பு என்றால் என்ன?

விற்கும் பிக் முதல் பத்துக்குள் வந்தால் அந்த ஆண்டு தர மாட்டேன், அடுத்த ஆண்டு தருகிறேன் என்று எழுதிக்கொள்வதுதான் பாதுகாப்பு. ஆட்டவா அப்படித்தான் எழுதியிருந்தது. 2018-இல் அவர்கள் பிக் நாலாவதாக வந்ததும் அதைத் தாங்களே வைத்துக்கொண்டு பிரேடி கச்சக்கை எடுத்தார்கள். அதற்குப் பதில் 2019 பிக்கை எந்தத் தடையும் இல்லாமல் கொடுத்தாக வேண்டும். அந்த சீசன் ஆட்டவா கடைசி இடம். லாட்டரியில் நாலாவதாக இறங்கிய அந்த பிக்கில் கொலராடோ போவன் பைரமை எடுத்தது.

பாதுகாப்பே இல்லாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு சான் ஹோசே. 2018 செப்டம்பரில் எரிக் கார்ல்சனை ஆட்டவாவிடமிருந்து வாங்கியபோது கொடுத்தவற்றில் 2020 முதல் சுற்று பிக்கும் ஒன்று. கொடுக்கும்போது அவர்கள் நல்ல அணி, 25-ஐத் தாண்டித்தான் வரும் என்று நினைத்திருப்பார்கள். 2019-20-இல் அணி சரிந்தது, பிக் மூன்றாவதாக வந்தது, ஆட்டவா டிம் ஷ்டூட்ஸ்லேயை எடுத்தது. விதைநெல்லை விற்கும்போது அடுத்த ஆண்டு மழை எப்படி என்று யாருக்கும் தெரியாது. வாங்கும் பக்கம் இருப்பவர் வயதான, உச்சத்தில் இருக்கும் அணியிடம் இரண்டு ஆண்டு கழித்து வரும் பிக்கைக் கேட்பது நல்லது.

கேள்வி: அண்ணா, யாருக்கும் வேண்டாத ஒப்பந்தங்களைத் தோற்கும் அணிகள் ஏன் வலியப் போய் வாங்குகின்றன? வீண் செலவு இல்லையா?

தம்பி, தோற்கும் அணியின் கையில் இருக்கும் பெரிய சொத்தே சம்பள இடம்தான். ஓர் அணி சம்பளத்துக்கு மொத்தமாகச் செலவிடக்கூடிய உச்சவரம்பு 2025-26-க்கு 9.55 கோடி டாலர். வெல்லும் அணிகள் அதை முட்டிக்கொண்டு நிற்கும். கீழ்வரம்பும் உண்டு, 7.06 கோடி. அதற்குக் குறைவாகச் செலவழிக்கவும் முடியாது. எப்படியும் செலவழிக்க வேண்டிய பணத்தில் அடுத்தவர் சுமையை வாங்கிக்கொண்டு, கூலியாக பிக் கேட்பதுதான் வேலை.

2019 ஜூனில் டொராண்டோ, பாட்ரிக் மார்லோவின் கடைசி ஓராண்டு 62.5 லட்சம் டாலர் சுமையை இறக்க, தன் 2020 முதல் சுற்று பிக்கையே கரோலைனாவுக்குக் கொடுத்தது. அது 13-ஆவதாக வந்தது, வந்தவர் செத் ஜார்விஸ்.

மான்ட்ரியல் செய்தது இன்னும் நேர்த்தி. 2022 ஆகஸ்டில் கால்கரி ஷான் மோனஹனையும் ஒரு முதல் சுற்று பிக்கையும் கொடுத்தது, மான்ட்ரியல் பதிலுக்கு எதுவும் தரவில்லை என்றே சொல்லலாம். இடுப்புக் காயத்திலிருந்து அவர் தேறினார். குறைந்த சம்பளத்தில் ஓராண்டு மறு ஒப்பந்தம் போட்டு, 2024 பிப்ரவரியில் வின்னிபெக்குக்கு விற்றார்கள், அதற்கு இன்னொரு முதல் சுற்று பிக். வாங்க ஒன்று, விற்க ஒன்று! கால்கரி பிக் 2025-இல் 16-ஆவதாக வந்தது. அதையும் தங்கள் 17-ஆவது பிக்கையும் எமில் ஹைனமனையும் நியூயார்க் ஐலண்டர்ஸுக்குக் கொடுத்து நோவா டாப்சனை வாங்கினார்கள்.

ஓர் எச்சரிக்கை: 2026-27-இல் உச்சவரம்பு 10.4 கோடி. வரம்பு வேகமாக ஏறும்போது எல்லாரிடமும் இடம் இருக்கும், சுமை தூக்கும் கூலி குறையும்.

கேள்வி: சம்பளத்தில் பாதியை விற்பவரே வைத்துக்கொள்வது எப்படி?

ஒரு வீரரின் சம்பளத்தில் 50 சதவீதம் வரை விற்கும் அணி தன் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் அப்படி மூன்று ஒப்பந்தம் மட்டுமே. 60 லட்சம் வாங்குபவர் அடுத்த அணிக்கு 30 லட்சத்தில் கிடைத்தால், இடமில்லாத அணிகளும் ஏலத்துக்கு வரும், விலை உயரும். மூன்று இடத்தையும் நீண்ட ஒப்பந்தங்களில் அடைத்துவிட்டால் அடுத்த மார்ச்சில் விற்பதற்குக் கருவி இருக்காது. அந்த சீசனோடு முடியும் ஒப்பந்தங்களுக்கே பயன்படுத்துங்கள். மூன்றாவது அணியாக நடுவில் நின்று கால்பங்கைத் தாங்கி பிக் சம்பாதிக்கும் வழி முன்பு இருந்தது. இரண்டாவது முறை பிடித்து வைக்க இப்போது 75 நாள் இடைவெளி வேண்டும் என்பதால் அது ஏறக்குறைய அடைபட்டுவிட்டது.

கேள்வி: டிராஃப்டில் அணிக்கு எந்த இடத்தில் ஆள் தேவையோ அந்த ஆளை எடுப்பதா, இருப்பதில் சிறந்தவரையா? கோல்கீப்பரை எப்போது எடுப்பது?

சிறந்தவரைத்தான். 18 வயதுப் பையன் தயாராகும்போது இன்றைய தேவை மாறியிருக்கும். இரண்டு பேர் சமமாகத் தெரிந்தால் முன்வரிசையின் நடுவில் ஆடும் சென்டரையோ டிஃபென்ஸ்மேனையோ எடுங்கள். பக்கவாட்டில் ஆடும் விங்கரைப் பிற்பாடு டிரேடில் வாங்கலாம், முதல் தர சென்டரை யாரும் விற்பதில்லை.

கோல்கீப்பரின் உண்மைத் தரம் தெரியவே 23, 24 வயது ஆகும். கானர் ஹெல்லபக் 2012-இல் 130-ஆவது, இகோர் ஷெஸ்டர்கின் 2014-இல் 118-ஆவது. ஆகவே ஆண்டுக்கு ஒருவரை நடுச் சுற்றுகளில் எடுத்துக்கொண்டே இருங்கள்.

பிறந்த தேதியைக் கவனிக்காமல் வீரர்களின் புள்ளிக் கணக்கை (கோலும் கோலுக்கு உதவியதும்) ஒப்பிடாதீர்கள். செப்டம்பர் 15-க்குள் 18 நிரம்பினால்தான் அந்த ஆண்டு டிராஃப்ட். செப்டம்பர் 20-இல் பிறந்தவருக்கும் அடுத்த செப்டம்பர் 10-இல் பிறந்தவருக்கும் ஏறக்குறைய ஓராண்டு வித்தியாசம், ஆனால் ஒரே பட்டியலில் நிற்பார்கள். இளையவர் அதே புள்ளி எடுத்திருந்தால் அவரே மேல். எதிரணி வீரர் தண்டனையில் வெளியே இருக்கும் பவர் பிளேயில் எடுத்த புள்ளிகளைக் கழித்துவிட்டுப் பார்க்கவும் மறக்காதீர்கள்.

உடல் சிறியது என்று தள்ளுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிகிதா குச்செரோவ் 58-ஆவது, பிரேடன் பாயிண்ட் 79-ஆவது, லேன் ஹட்சன் 62-ஆவது. மொத்தம் ஏழு சுற்று, 224 பிக். சாதாரண அணிக்கு ஏழு கிடைக்கும், மறுகட்டுமானத்தில் இருப்பவரிடம் குறைந்தது ஒன்பது, பத்து இருக்க வேண்டும். டாலஸ் 2017-இல் மீரோ ஹைஸ்கனனை 3-ஆவதாகவும், ஜேக் ஓட்டிங்கரை 26-ஆவதாகவும், ஜேசன் ராபர்ட்சனை 39-ஆவதாகவும் எடுத்தது. அந்த ஒரே டிராஃப்டில் அடுத்த பத்தாண்டுக்கான முதுகெலும்பு அமைந்தது.

கேள்வி: எடுத்த பையனை உடனே பெரிய அணியில் ஆடவிட்டால்தானே கற்றுக்கொள்வான்?

மிகச் சிலருக்கே அது சரி. மற்றவர்களுக்குக் கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழக் கதைதான். மகார் டிராஃப்டுக்குப் பிறகு இரண்டு ஆண்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு 2019 பிளேஆஃபில்தான் வந்தார். டெட்ராய்ட் 2019-இல் 6-ஆவதாக எடுத்த மோரிட்ஸ் சைடர், ஓராண்டு என்.எச்.எல்.-க்கு அடுத்த நிலை லீக்கான ஏ.எச்.எல்., ஓராண்டு ஸ்வீடன் என்று ஆடி 2021-22-இல் வந்தார், வந்த ஆண்டே சிறந்த புதுமுகம்.

பணக் கணக்கும் உண்டு. முதல் ஒப்பந்தம் மூன்று ஆண்டு. கையெழுத்திட்ட 18, 19 வயதுப் பையன் சீசனில் 10 ஆட்டத்துக்குக் குறைவாக ஆடினால் ஒப்பந்தம் ஓராண்டு தள்ளிப்போகும். அதனால்தான் 9 ஆட்டம் ஆடவைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். பத்தாவது ஆட்டம் இறங்கினால் மலிவான மூன்று ஆண்டில் ஒன்று அணி தோற்கும் காலத்திலேயே கரைந்துவிடும். கனடா ஜூனியரில் ஆடுபவருக்கு ஒரு சிக்கல்: 20 வயதுக்கு முன் ஏ.எச்.எல். அனுப்ப முடியாது என்பது நீண்டகால ஏற்பாடு, இப்போதுதான் தளர்ந்து வருகிறது.

கேள்வி: எட்மன்டனும் பஃபலோவும் முதல் பிக்காக வாங்கிக் குவித்தும் ஏன் எழவில்லை?

எட்மன்டன் 2010, 2011, 2012 மூன்று ஆண்டும் முதல் பிக். டெய்லர் ஹால், ரையன் நியூஜென்ட்-ஹாப்கின்ஸ், நெய்ல் யாகுபோவ். மூவரும் முன்வரிசை. பின்னால் டிஃபென்ஸும் இல்லை, கோல்கீப்பரும் இல்லை, கற்றுக்கொடுக்க 30 வயது ஆளும் இல்லை. 2006-07 முதல் பத்து சீசன் பிளேஆஃப் இல்லை. 2015-இல் கானர் மெக்டேவிட் வந்த பிறகே மூச்சு வந்தது.

பஃபலோ 2011-12 முதல் 2024-25 வரை 14 சீசன் தவறவிட்டது. அவர்களிடம் நல்ல வீரர்கள் இல்லாமல் இல்லை. ரையன் ஓ'ரைலியை 2018-இல் விற்றார்கள், அடுத்த ஆண்டே அவர் செயின்ட் லூயிஸுடன் கோப்பை வென்றார். 2021-இல் சாம் ரைன்ஹார்ட் ஃபுளோரிடாவுக்குப் போய் 2024, 2025 கோப்பைகள். அதே 2021-இல் ஜாக் ஐக்கல் வேகஸுக்குப் போய் 2023 கோப்பை. மறுகட்டுமானம் முடியும் முன்பே மறுபடி மறுகட்டுமானம் தொடங்கினார்கள். 25, 27 வயதில் விற்கப்பட்ட இவர்கள் எல்லாம் அணி எழ வேண்டிய ஆண்டுகளுக்கானவர்கள். அந்த ரசிகர்களை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

கேள்வி: சேர்ப்பதை நிறுத்தி வாங்கத் தொடங்குவது எப்போது?

முதல் இரண்டு வரிசையிலும் முதல் டிஃபென்ஸ் ஜோடியிலும் உங்கள் சொந்த இளைஞர்கள் நிலைபெற்று, அவர்கள் இன்னும் மலிவான ஒப்பந்தத்தில் இருக்கும்போது. கொலராடோ டெவன் டேவ்ஸை 2020 அக்டோபரில் வெறும் இரண்டு இரண்டாம் சுற்று பிக்குக்கு வாங்கியது. சம்பளம் கட்ட முடியாத அணியிடம் சரியான நேரத்தில் போய்க் கேட்டார்கள். 2022 மார்ச்சில் ஆர்ட்டூரி லெக்கனனை வாங்கினார்கள், கோப்பையை முடித்த கோல் அவருடையது.

ஃபுளோரிடா இன்னொரு வழி. அலெக்சாண்டர் பார்கோவும் ஆரோன் எக்பிளாடும்தான் டிராஃப்டில் வந்த தூண்கள். சாம் பென்னட், ரைன்ஹார்ட், மாத்யூ கச்சக் மூவரும் டிரேடு. குஸ்தாவ் ஃபோர்ஸ்லிங்கைக் கரோலைனா விடுவித்தபோது எந்த விலையும் இல்லாமல் எடுத்தார்கள்.

கேள்வி: டிராஃப்டில் எடுத்தவர் கையெழுத்தே போடாமல் போய்விட முடியுமா?

முடியும். ஜிம்மி வீசியை நாஷ்வில் 2012-இல் எடுத்தது. ஹார்வர்டில் நான்கு ஆண்டு முடித்துவிட்டு 2016-இல் தன் விருப்பப்படி நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குப் போனார். கல்லூரி வீரர் மூன்றாம் ஆண்டு முடிவில் கையெழுத்திடத் தயங்கினால் அந்தக் கோடையிலேயே உரிமையை விற்றுவிடுங்கள். நாலாம் ஆண்டு முடிந்தபின் விற்கப் போனால் கையில் கிடைப்பது ஒரு மூன்றாம் சுற்று பிக்தான்.