மானிட்டர் இல்லாமல் எப்படித் தூங்குவது?

கேள்வி: எங்கள் மகன் 29-ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்டான். எடை 1,150 கிராம். 54 நாள் என்.ஐ.சி.யு.வில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருந்தான், இப்போது 1,920 கிராம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாலாடையில் 28 மில்லி குடிக்கிறான், கொஞ்சம் நேரடியாகவும் சப்புகிறான். திங்கட்கிழமை டிஸ்சார்ஜ் என்கிறார்கள். எனக்கு ஆசையைவிட பயம்தான் அதிகம். அங்கே மூச்சு குறைந்தால் மானிட்டர் கத்தும். வீட்டில் யார் சொல்வார்கள்? கணவர் ஆன்லைனில் ஒரு மானிட்டர் பார்த்து வைத்திருக்கிறார், வாங்கலாமா? குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, தூளியில் போட்டால் தானாகத் தேறிவிடுவான் என்கிறார் மாமியார். கண் பரிசோதனை வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு. ராகுகாலம், வேறு நாள் கேள் என்றும் சொல்கிறார். – ஒரு தாய், பெரம்பூர்

பதில்: வாங்க வேண்டாம். அந்தப் பணம் வேறு செலவுக்கு ஆகும்.

குறைமாதக் குழந்தையின் மூச்சு சீராக ஓடாது. நாலைந்து தடவை வேகமாக இழுப்பான், அப்புறம் ஐந்து பத்து விநாடி சும்மா இருப்பான், திரும்ப இழுப்பான். நிறம் மாறாமல், துவளாமல் இருந்தால் அது அவன் வயதுக்கு இயல்பு. வீட்டுக் கருவிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கால் உதறி சென்சார் நழுவினாலும் கத்தும். இந்தக் கருவிகள் தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரமும் இல்லை. ஆக்சிஜனோடு வீட்டுக்கு அனுப்பப்படும் குழந்தைகளின் கதை வேறு, அவர்களுக்கு மருத்துவரே எழுதித் தருவார்.

அதற்குப் பதில் வார்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: "கஃபீன் மருந்தை எப்போது நிறுத்தினீர்கள், கடைசியாக எப்போது மூச்சு நின்றது?" குறைமாதக் குழந்தையின் மூச்சு நின்றுவிடாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து அது. அதை நிறுத்தி, அதற்குப் பிறகு சில நாளாவது மூச்சு நிற்காமல் இருக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் வழக்கமாக அனுப்புவார்கள். தேதியோடு பதில் கிடைத்தால் உங்கள் பயம் பாதி இறங்கிவிடும்.

இன்னொரு வேலை இருக்கிறது. டிஸ்சார்ஜுக்கு முந்தைய இரண்டு நாள், மானிட்டர் திரைக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். 54 நாளாக நீங்கள் பார்த்தது அந்தப் பச்சை எண்ணைத்தான், பையனை இல்லை. இந்தப் பழக்கம் எல்லா அம்மாக்களுக்கும் வந்துவிடுகிறது, எங்கள் நர்ஸ்களுக்கும்தான். அவன் தூங்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பாதி நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், இடையில் நிறுத்துகிறவனுக்கு அந்தக் கணக்கு சரிவராது. 40 முதல் 60 வரை இருந்தால் சரி. அமைதியாகத் தூங்கும்போதே திரும்ப எண்ணியும் 60-க்கு மேல் வந்தாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினாலோ உடனே மருத்துவமனை. 20 விநாடிக்கு மேல் மூச்சு நின்றாலோ, உதடு நீலமானாலோ, வலிப்பு வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு நிற்கும் அந்த நேரத்தில் உள்ளங்காலை லேசாகச் சுண்டினால் பெரும்பாலும் இழுத்துக்கொள்வான். சுண்டியும் இழுக்காவிட்டால் என்ன செய்வது என்பதை கிளம்பும் முன் நர்ஸிடம் பொம்மையில் செய்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், உங்கள் கணவரும் சேர்ந்து. பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, பச்சையாக வாந்தி, உள்ளங்கை வரை மஞ்சள் ஆகியவற்றுக்கும் மறுநாள் காலை வரை காத்திருக்காதீர்கள்.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நல்ல கருவி உங்கள் நெஞ்சுதான். இன்குபேட்டர் போதாமல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-இல் தொடங்கியது கங்காரு முறை. இன்று உலக சுகாதார நிறுவனம் குறைமாதக் குழந்தைக்கு ஒரு நாளில் 8 மணி நேரமாவது அதைச் செய்யச் சொல்கிறது. டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்டு, தலையை ஒருபக்கம் திருப்பி, தவளைபோலக் கால் மடங்கி உங்கள் நெஞ்சில் ஒட்டியிருக்கட்டும். நீங்கள் சாப்பிடும்போது கணவர் சட்டையைக் கழற்றட்டும். ஆனால் அப்படியே கண் அசந்துவிடாதீர்கள், சோபாவில் கூடவே கூடாது. தூக்கம் வந்தால் அவனை மல்லாக்க, தலையணை இல்லாமல், கெட்டியான தனிப் படுக்கையில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் போடுங்கள். கொசுவலை போதும், சுருளும் மேட்டும் வேண்டாம்.

குளிரும் என்று அக்னி நட்சத்திரத்தில் ஸ்வெட்டர், சாக்ஸ், கம்பளி எல்லாம் போட்டு வேர்க்குரு வந்த குழந்தைகளை மே மாதம் முழுக்கப் பார்க்கிறேன். வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கதகதப்பு என்றால் நிம்மதி. வயிறு சூடு, பாதம் ஜில் என்றால் நெஞ்சில் போட்டுக்கொள்ளுங்கள். அக்குளில் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை சரியான அளவு. ஏ.சி.யை 27, 28-இல் வைக்கலாம், காற்று நேராக அடிக்காமல் இருந்தால் போதும்.

பாலாடையில் பெரும்பாலானோர் ஊற்றிவிடுகிறார்கள். ஊற்றக் கூடாது. பாதி உட்கார்ந்த மாதிரி பிடித்து, பாலாடையின் மூக்கை அவன் கீழுதட்டின் ஓரத்தில் வைத்துச் சாய்த்தால் நாக்கை நீட்டி அவனே நக்கி இழுப்பான். விழுங்கிய பிறகு அடுத்தது. பீய்ச்சிய பாலைச் சென்னை வெயிலில் வெளியே வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். சூடாக்க, வெந்நீர்க் கிண்ணத்துக்குள் வைத்தால் போதும், அடுப்பில் ஏற்ற வேண்டாம். பால் கணக்கை நோட்டில் எழுதிவிட்டு, வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை பாருங்கள். நாளுக்கு 20, 30 கிராம் ஏறினால் நன்றாகப் போகிறான் என்று அர்த்தம். தினமும் எடை பார்த்தால் உங்களுக்குத்தான் ரத்த அழுத்தம் ஏறும்.

சொட்டு மருந்தில் ஒரு எச்சரிக்கை. வைட்டமின் டி, 1 மில்லியில் 400 யூனிட் உள்ளதும் வருகிறது, 800 உள்ளதும் வருகிறது. கடையில் வேறு பாட்டில் கொடுத்தால் அளவே மாறிவிடும். மருந்துச்சீட்டில் இருக்கும் எண்ணை பாட்டிலில் இருக்கும் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். இரும்புச் சத்துக்கும் அதே கதை.

இனி மாமியார். அவர் பத்து பிள்ளையை வளர்த்தவராக இருக்கலாம், ஆனால் ஒன்றேகால் கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த பிள்ளையை வளர்த்திருக்க வாய்ப்பில்லை. இதை நீங்கள் சொல்ல வேண்டாம், டாக்டர் எழுதியிருக்கிறார் என்று காட்டுங்கள். பல வாரம் ஆக்சிஜன் பார்த்த நுரையீரலுக்கு சாம்பிராணிப் புகை ஆகாது. தூளியில் முதுகு வளைந்து தாடை நெஞ்சில் முட்டும், அவன் கழுத்துக்கு அதைத் தூக்கும் பலம் இன்னும் வரவில்லை. எடை இரண்டரை கிலோ ஆகும்வரை வெதுவெதுப்பான துணியால் துடைத்தால் போதும். மூக்கில் எண்ணெய், வசம்பு, உரைமருந்து, தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். அவருக்கு வேறு பெரிய வேலை உண்டு: வளையல், மோதிரம் கழற்றி முழங்கை வரை சோப்பு போடாமல் யாரையும் உள்ளே விடக் கூடாது, சளி பிடித்த அத்தை பிள்ளைகளை வாசலோடு அனுப்ப வேண்டும். ராத்திரி ஒரு வேளைப் பாலை அவர் பார்த்துக்கொண்டால் நீங்கள் மூன்று மணி நேரம் தொடர்ந்து தூங்கலாம். வீட்டுக்கு வந்த பிறகும் காதில் பீப் சத்தம் கேட்கும், தூங்குகிறவனை எழுப்பிப் பார்க்கத் தோன்றும். இரண்டு வாரம் தாண்டியும் அது குறையாமல் அழுகையும் சேர்ந்துகொண்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள். கட்டணம் கிடையாது.

தடுப்பூசி பிறந்த தேதிப்படி, தள்ளிப்போடக் கூடாது. ஆறு வாரத்து ஊசியைப் போட்டுவிட்டார்களா என்று டிஸ்சார்ஜ் அட்டையில் பாருங்கள். தலை நிற்பது, குப்புறப் படுப்பது மட்டும், அவன் முன்கூட்டிப் பிறந்த 11 வாரத்தைக் கழித்த கணக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு மனம் நோகாதீர்கள்.

கண் பரிசோதனைத் தேதியை மட்டும் மாற்றாதீர்கள். அவன் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் இன்னும் ஓரம் வரை வளர்ந்து முடியவில்லை. வளரும் வழியில் தாறுமாறாகப் போனால் திரை கழன்று பார்வை போய்விடும். வெளியில் இருந்து பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும். லேசரோ ஊசியோ தேவைப்பட்டால் இரண்டு மூன்று நாளுக்குள் செய்தாக வேண்டும், தவறவிட்ட வாரம் திரும்பக் கிடைக்காது. செவித்திறன் பரிசோதனை முடிந்ததா என்றும் கேட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்குத்தான் ஆரம்பம். பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே பால் கொடுத்துவிட வேண்டும், கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்கவும் நேரம் ஆகும். எப்படியும் ஒன்பதரைக்கே வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும் என்று மாமியாரிடம் சொல்லுங்கள்.