விடுமுறைப் பயணங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

வணக்கம். உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். கரூர்க்காரன். வேலைக்காகப் பெங்களூரு வந்து ஒயிட்ஃபீல்டில் குடியிருக்கிறேன். மனைவி, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், அப்பா காலமான பிறகு எங்களோடு வந்துவிட்ட அம்மா, நான் என்று நால்வர். விடுமுறை சேர்ந்தாற்போல் வந்தால் எங்காவது கிளம்பிவிடுவோம்.

2025-இல் ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமையாக வந்தது. வியாழன் இரவு அலுவலகம் முடிந்து, ஒன்பதரை மணிக்கு ஊட்டிக்குப் புறப்பட்டோம். பந்திப்பூர் சோதனைச்சாவடியில் காலை ஆறு மணிக்குத்தான் விடுவோம் என்று நிறுத்திவிட்டார்கள். விடியும்வரை காருக்குள்ளேயே இருந்தோம். மலையேறும்போது மகளுக்கு விடாத வாந்தி. ஊட்டியில் எங்கே போனாலும் வரிசை. ஞாயிறு திரும்பும்போது, இரவு ஒன்பதுக்குள் காட்டைக் கடந்தாக வேண்டுமே என்று ஒரே ஓட்டம். வீடு வந்து சேர இரண்டு மணி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எங்கே கூப்பிட்டாலும் அம்மா, “நீங்கள் போய்வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார். பெரிய கார் வாங்கினால் சரியாகிவிடும் என்பது மனைவியின் கட்சி. நாங்கள் எங்கே தவறுகிறோம்? அம்மாவும் வரக்கூடிய இடம் ஒன்று சொல்லுங்கள்.

ம., பெங்களூரு

*

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தில் புறப்பட்ட நேரம் தெளிவாக இருக்கிறது. திரும்பும் நேரத்தைப் பற்றி யாரும் வீட்டில் பேசியதாகத் தெரியவில்லை. அது தானாக நடந்திருக்கிறது, இரவு இரண்டு மணிக்கு. இந்த ஊரில் பயணம் கெடுவது பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்துதான்.

நான் அல்சூரில் பல காலமாக இருப்பவள். வீட்டில் எந்தப் பயணப் பேச்சு வந்தாலும், ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வீட்டுக்குள் இருப்போம் என்பதைத்தான் முதலில் கேட்பேன். போகும் இடத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். என் கணக்கில் ஞாயிறு பகல் சாப்பாடு வீட்டில். இதைக் கேட்டால் சின்னவர்கள் முகம் சுளிப்பார்கள், பாதி நாள் வீணாகிறதே என்று. ஞாயிறு மாலை ஓசூர்ப் பக்கமிருந்து வந்தால் அத்திப்பள்ளி தொடங்கி சில்க் போர்டு வரை, மைசூருப் பக்கமிருந்து வந்தால் கெங்கேரியில், தும்கூருப் பக்கமிருந்து வந்தால் நெலமங்களாவில் அந்தப் பாதி நாள் எப்படியும் போய்விடும். காருக்குள் பொருமிக்கொண்டு கழிப்பதை வீட்டில் குளித்து, துணியை ஊறவைத்து, ஒரு தூக்கம் போட்டுக் கழிக்கலாம். மைசூருக்குப் புதிய விரைவுச்சாலை 2023-இல் வந்தபோது ஒன்றரை மணி நேரம் என்று எல்லோரும் குதித்தார்கள். சாலையில் ஒன்றரை மணிதான். ஊருக்குள் நுழைந்து உங்கள் ஒயிட்ஃபீல்டைச் சேர்வதற்கு அந்தச் சாலை பொறுப்பேற்றுக்கொள்ளவில்லையே.

திரும்பும் நேரம் முடிவாகிவிட்டால் தூரமும் முடிவாகிவிடும். ஓர் இரவு மட்டும் தங்குவதென்றால் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்குள்தான் போக முடியும். ஊட்டி அதற்குள் வராது. செல்போன் வரைபடம் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள். அது கார் நிற்காமல் ஓடும் நேரம். ஆறு வயதுப் பிள்ளையும் வயதான அம்மாவும் அதன் கணக்கில் கிடையாது. காட்டுவதோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பந்திப்பூர்த் தடையைப் பற்றி ஒரு வார்த்தை. இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை காட்டுச் சாலையை மூடுவது 2009 முதல் இருக்கும் ஏற்பாடு. வண்டியில் அடிபட்டு விலங்குகள் சாவதைத் தடுக்கத்தான். ஊட்டிச் சாலைக்கும் வயநாட்டுச் சாலைக்கும் இது பொருந்தும். எனக்கு இதில் முழுச் சம்மதம். யானைக்கு ஒன்பது மணி நேரமாவது நம் ஹாரன் சத்தம் இல்லாமல் இருக்கட்டும். நீலகிரிக்கு இனியும் போவதென்றால் வேறு இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். 2024 மே மாதத்திலிருந்து, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும். மசினகுடி வழியாகக் கல்லட்டி மலைப்பாதையில் ஏறலாம். வெளியூர்க்காரர்களை அதில் இறங்க விடமாட்டார்கள். அந்த முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளையும் பார்த்தவர்கள் ஏனென்று கேட்க மாட்டார்கள்.

நாள் முழுக்க அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டு, அன்றிரவே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கார் ஓட்டுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். பாட்டுப் போட்டால் தூக்கம் வராது, சன்னலைத் திறந்தால் வராது என்பதெல்லாம் ஓட்டுகிறவர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் சமாதானம். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் கண் தானே மூடும். இரவு தூங்கி நாலரைக்குப் புறப்பட்டால், லாரிகள் சேர்வதற்குள் ஊரைக் கடந்துவிடலாம். அல்லது இரவு ரயிலில் போங்கள். முன்பதிவு இப்போது அறுபது நாளைக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு நூற்றிருபது நாளாக இருந்தது. ஆகவே பழைய நினைவில் நான்கு மாதம் முன்னால் தேடி, டிக்கெட் இல்லை என்று அலுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று இருக்கிறது. விடுமுறை சேர்ந்து வரும் நாட்களில் வீட்டிலேயே இருங்கள். ஊரே காலியாக இருக்கும். லால்பாக்கில் நிம்மதியாக நடக்கலாம். ஆகஸ்ட் 15-ஐயும் ஜனவரி 26-ஐயும் ஒட்டி மட்டும் அங்கே மலர்க்கண்காட்சி, அப்போது அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். பயணத்துக்கு ஒரு சாதாரணச் செவ்வாயும் புதனும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டு நாள் பள்ளிக்குப் போகாததால் குடி ஒன்றும் முழுகிவிடாது.

மகளின் வாந்திக்கு வருகிறேன். கார் ஓட்டுகிறவருக்கு வாந்தி வருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும், உடம்பு அதற்கேற்பச் சாய்ந்துகொள்ளும். பின்னிருக்கையில் குனிந்து செல்போனில் பொம்மைப்படம் பார்க்கும் குழந்தைக்கு அது தெரியாது. கண் ஒன்றைச் சொல்கிறது, வயிறு வேறொன்றைச் சொல்கிறது. மலை ஏறுவதற்கு முன்பே செல்போனை வாங்கிவிடுங்கள். பின்னிருக்கையின் நடுவில், முன்கண்ணாடி வழியாகச் சாலை தெரியும்படி உட்காரவைத்து, வளைவு வருமுன் இடமா வலமா என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். பால் வேண்டாம். ஏறுவதற்கு ஒரு மணி முன்பு ஓர் இட்லி போதும். நீங்களும் வளைவுக்குள் போனபிறகு பிரேக்கை அழுத்தாமல், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். பாதி வாந்தி ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது. மாத்திரை தேவையா என்பதைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மருந்துக்கடையில் அல்ல.

இனி உங்கள் அம்மா.

அவர் வீட்டைப் பார்த்துக்கொள்ளவில்லை. பெங்களூரு அடுக்குமாடியில் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது, வாசலில் காவலாளி உட்கார்ந்திருக்கிறார். அவர் சொல்லாத காரணத்தை நான் சொல்கிறேன். எங்கள் தலைமுறைப் பெண்கள் பயணம் என்றால் முந்தின நாள் மாலையே தண்ணீரை நிறுத்திவிடுவோம். வழியில் இறங்க இடம் இருக்குமா, இருந்தாலும் கால் வைக்கும்படி இருக்குமா, மகனிடமோ மருமகளிடமோ எப்படிக் கேட்பது என்று அத்தனையும் அந்த ஒரு தம்ளர் தண்ணீரில் அடங்கியிருக்கிறது. நெடுஞ்சாலை உணவகத்தில் எல்லோரும் காபி குடிக்கும்போது ஒருவர் மட்டும் “எனக்கு வேண்டாம், வாய் கசக்கிறது” என்றால், அவருக்கு வாய் கசக்கவில்லை என்று அறிக. பந்திப்பூர்ச் சாவடியில் நீங்கள் விடியும்வரை காத்திருந்தீர்களே, அந்த நேரம் அவருக்கு எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். காட்டோரம், இருட்டு, முன்னும் பின்னும் கார்கள். என் மாமியார் பழநிக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் நீர்க்கடுப்போடு படுத்தார். வெயில் சூடு என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே ஒன்றரை மணிக்கு ஒருமுறை காரை நிறுத்துங்கள். “யாருக்காவது போக வேண்டுமா?” என்று கேட்காதீர்கள். கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். நிறுத்திவிட்டு நீங்கள் முதலில் இறங்குங்கள். மனைவியை உள்ளே போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள், சுத்தமாக இருந்தால் அம்மாவை அவரே அழைத்துப்போகட்டும். இல்லையென்றால் அடுத்த இடம். வண்டியில் ஒரு பழைய குடை, ஒரு சோப்பு, இரண்டு பாட்டில் குழாய்த் தண்ணீர், ஒரு டார்ச் இருக்கட்டும். தங்கும் அறையைப் பதிவு செய்யும்போது மலைக்காட்சி தெரியுமா என்று கேட்கிறவர்கள், உட்காரும் கழிப்பறையா, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, எத்தனை படி ஏற வேண்டும் என்பதையும் கேட்கலாம். இவற்றைச் செய்யுங்கள், அடுத்த முறை அவர் எதைக் காரணமாகச் சொல்கிறார் என்று பார்ப்போம்.

சாப்பாட்டுக்கு அவரையே பொறுப்பாக்குங்கள். கரூர்க்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி, அனலில் வாட்டிய வாழையிலையில். பாலை நிறைய விட்டுத் தயிரைக் குறைத்துப் பிசைந்த தயிர்சாதம் மதியம்வரை புளிக்காது.

இடம் கேட்டீர்கள். நான் சொல்லப்போவது உங்கள் மனைவிக்குப் பிடிக்காமல் போகலாம். காரை வீட்டில் விட்டுவிட்டு, ஒயிட்ஃபீல்டு ரயில் நிலையத்துக்குப் போய் மரிக்குப்பம் வண்டியில் ஏறுங்கள். மாலூர், பங்காரப்பேட்டை வழியாக ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பங்காரப்பேட்டையில் கிளை பிரிந்தபின் வரும் நிலையங்களின் பெயரை மகளைப் படிக்கச் சொல்லுங்கள்: கோரமண்டல், ஊர்காம், சாம்பியன், மரிக்குப்பம். கோலார் தங்க வயல். தங்கச் சுரங்கத்தில் வேலை செய்ய வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் தமிழ் பேசி வாழும் ஊர். ஆட்டோக்காரரிடம் உங்கள் அம்மா தானே பேசி வாடகையைக் குறைப்பார். ஒயிட்ஃபீல்டில் மொழி தெரியாமல் வாய்மூடி இருப்பவருக்கு அதுவே ஒரு விடுமுறை.

சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம், உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக இருந்தது. சிவசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் 1902-இல் முதலில் போனது இங்கேதான். பெங்களூருக்கு விளக்கு எரிய மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின. உள்ளே இறங்க முடியாது. சுரங்க வாய்களின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்களையும், தாதுவை அரைத்துத் தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் மலைகளையும் சாலையிலிருந்தே பார்க்கலாம். சயனைடு மலை என்பார்கள். காற்றடிக்கும் நாளில் அதன் அருகே குழந்தையைக் கூட்டிப்போகாதீர்கள், படமெடுக்க மேலே ஏறவும் வேண்டாம். அம்மா கோயில் கேட்டால், கம்மசந்திராவில் கோடிலிங்கேஸ்வரர் இருக்கிறார், 108 அடி லிங்கம். எனக்கு அந்தப் பிரம்மாண்டம் ஒத்துவரவில்லை. உங்கள் மகளுக்கு ஒத்துவரும்.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது வேறு. சுரங்கம் மூடியபின் அந்த ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் தினமும் பெங்களூருக்கு ரயிலேறி வேலைக்கு வருகிறார்கள். காலையில் கூட்டம் அங்கிருந்து இங்கே, மாலையில் இங்கிருந்து அங்கே. நீங்கள் இரண்டு வேளையும் எதிர்த்திசையில் போவீர்கள், உட்கார இடம் கிடைக்கும். வரும் வழியில் பங்காரப்பேட்டையில் இறங்கிப் பானிபூரி சாப்பிடுங்கள். அங்கே பானி பச்சையாக இருக்காது, தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும். ஏமாந்து வாயில் போட்டால் காரம் கண்ணில் தெரியும்.

இது நன்றாகப் போனால் அடுத்த முறை கோலார் நகரம். கோலாரம்மா கோயிலில் ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. முழுதும் படிக்க நமக்கு வராது. பகல் வெளிச்சத்தில் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் ஓரிரு எழுத்துகள் பிடிபடும். தேளோடு தொடர்புடைய அம்மன் ஒருத்தியின் சன்னதியும் அங்கே உண்டு. மகளை அங்கிருந்து கிளப்புவது கடினம்.

பெரிய கார் வேண்டாம். இருக்கும் காரில் ஏற மறுப்பவர் பெரிய காரில் மட்டும் ஏறிவிடுவாரா? அந்தப் பணத்தின் மாதத் தவணைக்கே ஒவ்வொரு மாதமும் எங்காவது போய்வரலாம்.

மரிக்குப்பம் வண்டிக்கு முன்பதிவு இல்லை, அன்று காலை டிக்கெட் எடுத்தால் போதும். நேரங்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், திரும்பும் வண்டியின் நேரத்தை முந்தின நாளே பார்த்துவையுங்கள்.

அன்புடன்