116-வது கதவு வரைக்கும் தட்டணும்

கேள்வி: 2-ஐ 32 தடவை பெருக்கி அதோட 1 கூட்டுனா 4294967297 வருது. நூறுக்குள்ள இருக்குற எல்லா ப்ரைம் நம்பராலயும் வகுத்துப் பாத்துட்டேன், ஒண்ணுகூட மீதியில்லாம போகல. அப்ப இது பகா எண் தானே?

பதில்: இல்லீங்க. ஆனா வருத்தப்படாதீங்க, இதே நம்பர்ல ஃபெர்மாங்கிற பிரெஞ்சு கணித மேதையே சறுக்கியிருக்காரு. 2-க்கு அடுக்கா 1, 2, 4, 8, 16-னு போட்டு 1 கூட்டுனா 3, 5, 17, 257, 65537 வரும், அஞ்சுமே பகா எண், அதனால 32 போட்டாலும் அப்படித்தான்னு 1640 வாக்குல நம்பிட்டாரு. நிரூபணம் கைல இல்லன்னு அவரே ஒத்துக்கிட்டாரு, அந்த மட்டுக்கும் நேர்மையான மனுஷன்.

1732-ல ஆய்லர்ங்கிற கணித மேதை போட்டு உடைச்சாரு: 641 × 6700417. நீங்க 25 பகா எண்ணோட நிறுத்திட்டீங்க, 641 அந்த வரிசைல 116-வது. ஆனா ஒண்ணு விடாம வகுக்கவே தேவையில்ல, ஏன்னா இந்த நம்பரோட பகாக் காரணி எதுவா இருந்தாலும் 64-ன் மடங்கோட 1 கூட்டுனதாத்தான் இருக்கும், இதையும் ஆய்லர்தான் நிரூபிச்சாரு. அப்ப 65, 129-னு போற வரிசைல பகா எண்ண மட்டும் பொறுக்குனா 193, 257, 449, 577, அடுத்தது 641. அஞ்சாவது வகுத்தல்லயே மாட்டிக்கும்!

வகுக்காமயே காட்டலாம், எனக்கு ரொம்ப புடிச்சது இதுதான். 5 × 128 = 640, அதாவது 641-க்கு ஒண்ணு கம்மி, 641-ஆல வகுத்தா மீதி மைனஸ் 1-னு வச்சுக்குங்க. அந்த 640-ஐ அடுக்கு 4-க்கு ஏத்துனா மீதி 1; 5-ன் அடுக்கு 4 625, 128-ங்கிறது 2-ன் அடுக்கு 7, அதாவது 625 × 2-ன் அடுக்கு 28-க்கு மீதி 1. இப்ப 625-ம் 16-ம் சேந்தா 641, அதனால 625-க்கு பதிலா மைனஸ் 16 போடலாம், 16-ங்கிறது 2-ன் அடுக்கு 4, ஆக மைனஸ் 2-ன் அடுக்கு 32-க்கு மீதி 1. அப்ப 2-ன் அடுக்கு 32 கூட 1 சேத்தா மீதி பூஜ்யம். பேப்பர் பேனா எடுத்து ஒருதடவ போட்டுப் பாருங்க.

இன்னொரு வேடிக்கை, கம்ப்யூட்டர்ல 32 பிட்ல, அதாவது 32 பூஜ்யம்-ஒண்ணு இடத்துல, அடங்குற பெரிய எண் 4294967295, அதனால மைனஸ் குறிக்கு இடம் ஒதுக்காத 32 பிட் இடத்துல உங்க நம்பர திணிச்சா வெறும் 1 தான் மிஞ்சும்.

கேள்வி: அப்ப அடுக்கு 64 போட்டா?

பதில்: 18446744073709551617, இருபது இலக்கம். இதுவும் பகு எண் தான், 274177-ஆல வகுபடும். 1880-ல லாண்ட்ரிங்கிற கணிதக்காரர் இத கண்டுபிடிச்சப்ப அவருக்கு வயசு 82. இந்த வகைல 65537-க்கு மேல ஒரு பகா எண்கூட இன்னும் யார் கைலயும் சிக்கல.