எட்டு மணியிலிருந்து இரண்டு மணி வரை

அன்புள்ள ஐயா,

எனக்கு 34 வயது. தனியார் வங்கி ஒன்றில் பதினோரு வருடமாகக் கடன் பிரிவில் வேலை. இரண்டு சிறுகதைகள் சிற்றிதழ்களில் வந்திருக்கின்றன. வரும் மே மாதத்தோடு வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுதலாம் என்று இருக்கிறேன். அதற்கு முன் ஐரோப்பாவின் பழைய நகரங்களைப் பார்த்துவிட ஆசை. பன்னிரண்டு நாளில் பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், பிராக், வியன்னா, புடாபெஸ்ட் என்று திட்டம் போட்டிருக்கிறேன். எழுத்தாளர் காஃப்காவின் ஊர் என்பதால் பிராகுக்கு மட்டும் ஒன்றரை நாள். கதை எழுதுகிறவன் ஒரு பழைய நகரத்தை எப்படிப் பார்க்க வேண்டும்? வழிகாட்டிகள் சொல்லும் கதைகளில் எதை நம்பலாம்? நான் வேலையை விடுவது சரிதானா?

ர.,
திருச்சி

*

அன்புள்ள ர.,

முதலில் ஐந்து நகரங்களை அடித்துவிடுங்கள். ஏழு ஊர் என்றால் ஆறு இடமாற்றம். அறையைக் காலி செய்வது, ரயில் நிலையம், பயணம், புது ஊரில் அறை தேடிப் பெட்டியை வைப்பது என்று ஒவ்வொன்றும் அரை நாளைத் தின்றுவிடும். மூன்று நாள் அதிலேயே போய்விட்டால், மிச்ச நாட்களில் ஏற்கெனவே படத்தில் பார்த்த கட்டடங்களின் முன்னால் நின்றுவிட்டு வரத்தான் நேரம் இருக்கும். பிராகில் எட்டு நாள், வியன்னாவில் நான்கு நாள் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நான்கு மணி நேர ரயில் பயணம்தான். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே திட்டத்தை மாற்றினால் விண்ணப்பம் செக் நாட்டுக்குப் போகும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்குக் குறையக் கூடாது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

இனி, எப்படிப் பார்ப்பது. பிராகின் பழைய நகரில் ஒவ்வொரு வாசலிலும் இரண்டு தகடுகள் இருக்கும், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். பயணிகள் நீலத்தை மட்டும் பார்ப்பார்கள். அது தெரு வரிசை எண், முகவரி தேட உதவும். ஆற்றுக்கு இணையாக ஓடும் தெருக்களில் நீரோட்டத்தின் திசையிலும், ஆற்றுக்குக் குறுக்கான தெருக்களில் ஆற்றங்கரையிலிருந்து விலகும் திசையிலும் எண் ஏறும். வழி தவறினால் இந்த ஒரு விதி போதும், வல்தாவா ஆறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

உங்களுக்கு வேண்டியது சிவப்புத் தகடு. 1770இல், அப்போது செக் நாட்டை ஆண்ட பேரரசி மரியா தெரசாவின் அரசு வீடுகளுக்கு எண் போட்டது. படைக்கு ஆள் எடுக்க எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அரசுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒவ்வொரு பகுதியிலும் வீடு வீடாக நடந்து எண் கொடுத்தார்கள். பிறகு கட்டிய வீடுகள் அடுத்தடுத்த எண்களைப் பெற்றன. அதனால்தான் ஒரே தெருவில் சிறிய எண்ணுக்குப் பக்கத்திலேயே பெரிய எண் வரும். சிறிய எண் என்றால் அந்த மனையில் 1770இலேயே வீடு இருந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். மனை என்று சொல்வதைக் கவனியுங்கள். வீட்டை இடித்துக் கட்டியிருக்கலாம், எண் பழையதாகவே நின்றுவிடும்.

எண்ணுக்கு முன்னால் வீடுகளுக்குச் சின்னங்கள் இருந்தன. மாலா ஸ்ட்ரானா பகுதியில் கோட்டைக்கு ஏறும் நெருடோவா தெருவில் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே போங்கள். 12ஆம் எண் வீட்டில் மூன்று பிடில்கள். வயலின் செய்யும் குடும்பம் குடியிருந்த வீடு அது. 47இல் இரண்டு சூரியன்கள். எழுத்தாளர் யான் நெருடா வாழ்ந்த வீடு. எழுதப் படிக்கத் தெரியாதவனும் கடிதம் கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்த முகவரி முறை இது. ட்செலெட்னா தெருவில் 1911-12இல் யோசெஃப் கோச்சார் கட்டிய கியூபிச பாணிக் கட்டடம் இருக்கிறது. அதன் மூலையில் ஒரு கம்பிக் கூண்டுக்குள் கறுப்பு மாதா. முன்பு அங்கிருந்த பழைய வீட்டின் சின்னம். வீடு போய்விட்டது, பெயர் புது வீட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கதைக்கு இதைவிட நல்ல தொடக்கம் தேடத் தேவையில்லை.

அடுத்தது தரை. பழைய நகரின் பல வீடுகளில் இப்போது நிலவறையாக இருப்பது 12ஆம் நூற்றாண்டில் தரைத்தளம். வல்தாவாவின் வெள்ளம் தாங்காமல் 13ஆம் நூற்றாண்டில் தெருமட்டத்தைச் சில மீட்டர் உயர்த்தினார்கள். வாசல்கள் மண்ணுக்குள் போயின, மாடி தரைத்தளமானது. இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு பழைய கட்டடத்துக்குள் போகும்போது படி இறங்குகிறதா ஏறுகிறதா என்று பாருங்கள். பழைய யூதக் குடியிருப்பான யோசெஃபோவில் உள்ள பழைய-புதிய யூதத் தொழுகைக்கூடம் 1270 வாக்கில் கட்டியது. அதற்குள் படி இறங்கித்தான் போக வேண்டும். கூடம் அதே இடத்தில் நிற்கிறது, தெரு மேலே போய்விட்டது. ஒரு பாத்திரம் உணவகத்தின் நிலவறைக்கு இறங்குவதாக எழுதும்போது அவன் எண்ணூறு வருடம் முந்தைய தெருவில் போய் உட்காருகிறான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை வாசகனிடம் சொல்லாவிட்டாலும் வாக்கியத்தில் அந்தக் கனம் வந்துவிடும்.

நகர மண்டபத்து வானியல் கடிகாரத்துக்கு வருவோம். காலை ஒன்பது முதல் இரவு பதினொன்று வரை மணிக்கொருமுறை மேலே இரண்டு சன்னல்களில் அப்போஸ்தலர் உருவங்கள் வரும். கூட்டம் அதைப் படமெடுத்துவிட்டுக் கலைந்துவிடும். கூட்டம் கலைந்த பிறகு நீங்கள் முகப்பைப் படியுங்கள். வெளிவட்டத்தில் பழைய கோதிக் வடிவில் 1 முதல் 24 வரை பொன்னிற எண்கள். 4 மடித்த நாடாவைப் போலவும் 7 வீட்டுக் கூரையைப் போலவும் இருக்கும், முதலில் குழப்பும். பொன் முள் வெளிவட்டத்தில் காட்டுவது பழைய செக் நேரம். அந்தக் கணக்கில் நாள் அஸ்தமனத்தில் தொடங்கும், அடுத்த அஸ்தமனத்தில் 24 ஆகும். அஸ்தமனம் நாளுக்கு நாள் நகர்வதால் அந்த வெளிவட்டமும் வருடம் முழுக்க முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கும். முள் 20இல் நின்றால் வெளிச்சம் தீர நான்கு மணி நேரம் பாக்கி. சந்தைக்கு வந்தவன், கோட்டை வாசல் மூடுவதற்குள் ஊர் திரும்ப வேண்டியவன், இவர்களுக்கு அதுதான் தெரிய வேண்டும். நம்மவர்கள் உதயத்திலிருந்து நாழிகை எண்ணினார்கள், அவர்கள் அஸ்தமனத்திலிருந்து மணி எண்ணினார்கள். இந்தக் கணக்கில் வாழ்ந்தவனின் கதையில் 'மாலை ஆறு மணிக்கு' என்று எழுதிவிட்டால் அங்கேயே கதை உடைந்துவிடும்.

அந்தக் கடிகாரத்தின் அடியில்தான் வழிகாட்டிகள் ஹனூஷ் கதையைச் சொல்வார்கள். கடிகாரத்தைச் செய்த ஹனூஷ் வேறு ஊருக்கு இன்னொன்று செய்துவிடக் கூடாதென்று நகரத்தார் அவர் கண்ணைக் குருடாக்கினார்கள், அவர் எந்திரத்துக்குள் கையை விட்டு அதை நிறுத்திப் பழிவாங்கினார் என்று. ஹனூஷ் இருந்தார், 1490 வாக்கில் அந்தக் கடிகாரத்தில் வேலையும் பார்த்தார். ஆனால் கடிகாரத்தைப் பற்றிக் கிடைக்கும் முதல் ஆவணம் 1410 அக்டோபர் 9 தேதியிட்டது. அது செய்தவராகச் சொல்வது கடான் ஊர் மிக்குலாஷை. வானியல் கணக்கில் வானியலாளர் யான் ஷின்டெலின் பங்கு உண்டு என்பது ஆய்வாளர்களின் முடிவு. கண் பறித்த கதையை ஊரெங்கும் நிலைக்க வைத்தது 1894இல் வந்த அலோய்ஸ் யிராசெக்கின் தொன்மக்கதைத் தொகுப்பு. கோலெம் கதையும் அப்படித்தான். பிராகின் யூத மதகுரு ராபி லோவ் இறந்தது 1609இல். களிமண் மனிதனை அவர் செய்தார் என்பது அச்சில் வந்தது இருநூறு வருடத்துக்கும் மேல் கழித்து.

அப்படியானால் இவற்றைத் தள்ளிவிடுவதா? கூடாது. தொன்மக்கதை, அதைச் சொன்ன காலத்துக்குச் சாட்சி. 1490இல் என்ன நடந்தது என்று ஹனூஷ் கதை சொல்லாது. கைத்தொழில்காரன் தன்னை வேலை வாங்குகிறவர்களைப் பற்றி என்ன பயத்தை வைத்திருந்தான் என்று சொல்லும். எந்தக் கதையைக் கேட்டாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது முதலில் எழுத்தில் வந்தது எப்போது? இதைச் சொல்வதால் யாருக்கு மனம் ஆறும்?

கடிகாரத்திலிருந்து சில அடி தூரத்தில், மண்டபத்தின் கிழக்குப் பக்கம், கல்தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கின்றன. 1621 ஜூன் 21 அன்று அங்கே 27 பேரைக் கொன்றார்கள். பேரரசரை எதிர்த்து எழுந்து, வெள்ளை மலைப் போரில் தோற்ற கிளர்ச்சிக்காரர்கள். அவர்களில் ஒருவர் மருத்துவர் யான் யெசென்ஸ்கி. 1600இல் பிராகில் முதல் பொது உடற்கூறு அறுவையைச் செய்துகாட்டியவர். கொல்வதற்கு முன் அவர் நாக்கை அறுத்தார்கள். பன்னிரண்டு தலைகளைப் பாலத்துக் கோபுரத்தில் பத்து வருடம் தொங்கவிட்டார்கள். நடக்காத ஒரு கொடுமையைக் கேட்க நூறு பேர் நிற்கும் இடத்தில் நடந்த கொடுமையின் மேல் செருப்போடு நடந்துபோகிறார்கள். அந்த இடத்தில் சும்மா நின்று பாருங்கள், நீண்ட நேரம்.

குறிப்பெடுக்கும் முறை. ஒரு நாளைக்கு அறுநூறு மீட்டர், அதற்கு மேல் வேண்டாம். அதே அறுநூறு மீட்டரை மூன்று தடவை நடங்கள்: விடியற்காலை, நண்பகல், இரவு ஒன்பதுக்குப் பிறகு. சார்லஸ் பாலம் 516 மீட்டர், ஒரு நாளுக்கு அது ஒன்றே போதும். கோடையில் அங்கே ஐந்தரைக்கே நல்ல வெளிச்சம் இருக்கும், ஒன்பதுக்கெல்லாம் கூட்டம் அடைத்துவிடும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து விவரம் எழுதுங்கள்: சிவப்பு எண், சின்னம், வாசல்படி ஏற்றமா இறக்கமா, முகப்பின் அகலம் எத்தனை காலடி, இப்போது உள்ளே என்ன நடக்கிறது. அகலம் ஏன் என்று கேட்பீர்கள். முகப்புப் பூச்சு பிற்காலத்து பரோக் பாணியாக இருக்கும், மனையின் அகலமோ இடைக்காலத்து அகலமாகவே இருக்கும். மூன்று சன்னல் அகலம், பின்னால் ஆழமாகப் போகும் முற்றம். அந்த முற்றங்களின் வழியாகத்தான் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு வீட்டுக்குள்ளேயே புகுந்து போகும் நடைவழிகள் வந்தன. கதவு திறந்திருந்தால் தயங்காமல் நுழையுங்கள்.

நோட்டின் இடப்பக்கம் கண்ணால் கண்டது மட்டும், வலப்பக்கம் கேட்டது, கடைசிப் பக்கங்களில் நீங்கள் கற்பனை செய்தது. மூன்றையும் கலந்து எழுதிவிட்டால் ஆறு மாதம் கழித்து எது எது என்று உங்களாலேயே பிரிக்க முடியாது. வரலாற்றுக் கதைகள் பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான். படமெடுத்தால் முதலில் சிவப்புத் தகட்டைப் படமெடுங்கள், பிறகு வீட்டை. இல்லாவிட்டால் ஊர் திரும்பியதும் நானூறு கதவுகள் இருக்கும், ஒன்றுக்கும் முகவரி இருக்காது. அன்றன்று இரவே விரித்து எழுதிவிடுங்கள். நடைபாதைகளில் சிறு சதுரக் கற்கள், மழை பெய்தால் வழுக்கும். தடித்த ரப்பர் அடியுள்ள தட்டைச் செருப்பு வேண்டும்.

வேலையைப் பற்றிக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தின் உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். காஃப்காவையே எடுத்துக்கொள்வோம். 1906இல் சட்டத்தில் டாக்டர் பட்டம். 1907 அக்டோபரில் ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தார், காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை வேலை. எழுத முடியவில்லை. ஒன்பது மாதத்தில் விட்டார். ஆனால் வீட்டில் உட்காரவில்லை. 1908 ஜூலைக் கடைசியில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே எட்டிலிருந்து இரண்டு வரை. அவர் வாழ்க்கையின் பெரிய முடிவு அந்த நான்கு மணி நேரம். மதியம் சாப்பாடு, மூன்று மூன்றரையிலிருந்து ஏழரை வரை தூக்கம், பிறகு நடை, குடும்பத்தோடு இரவுச் சாப்பாடு, பத்தரை பதினொன்றுக்கு மேசை. 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை ஆறுக்கு 'தீர்ப்பு' கதையை ஒரே அமர்வில் முடித்தார். 1922 வரை அந்த வேலையில் இருந்தார், ஓய்வு கொடுத்தது காசநோய்.

அந்த வேலை அவருக்கு இனித்தது என்று சொல்ல மாட்டேன். கடிதங்களில் அழுதிருக்கிறார். ஆனால் அது வீணாகவில்லை. நிறுவனத்தின் 1909ஆம் ஆண்டு அறிக்கைக்காக மரம் இழைக்கும் எந்திரங்களைப் பற்றிப் படங்களோடு ஒரு கட்டுரை எழுதினார். சதுரத் தண்டில் கத்தி பொருத்திய எந்திரத்தில் தண்டுக்கும் மேசைக்கும் நடுவே இடைவெளி அதிகம். மரம் கணுவில் மோதித் துள்ளினால் கை அதற்குள் போய்விடும், விரல் போகும். உருளைத் தண்டில் இடைவெளி குறைவு, சிராய்ப்போடு போகும். இப்படிப் பார்க்கப் பழகிய கண்தான் பிறகு 'தண்டனைக் குடியேற்றம்' கதையில் வரும் எந்திரத்தை உறுப்பு உறுப்பாக விவரித்தது என்று நான் நம்புகிறேன். பதினோரு வருடம் கடன் விண்ணப்பங்களைப் படித்த உங்களுக்கு மனிதர்கள் பணம் கேட்கும்போது எப்படிப் பேசுவார்கள், எதை மறைப்பார்கள் என்று தெரியும். உங்கள் கதைகளில் அது வந்திருக்கிறதா?

ஆகவே மே மாதம் விடாதீர்கள். நேரம் குறைந்த வேலையைத் தேடுங்கள், சம்பளம் குறைந்தாலும். கிடைக்கும்வரை ஆறு மாதம் தினமும் ஒரே இரண்டு மணி நேரத்தை எழுத்துக்கு ஒதுக்குங்கள். எத்தனை நாள் உட்கார்ந்தீர்கள் என்று நாட்காட்டியில் குறியுங்கள். இரண்டு மணி நேரத்தில் உட்காராதவர் பத்து மணி நேரத்திலும் உட்கார மாட்டார். ஆறு மாதமும் உட்கார்ந்து, நேரம் போதவில்லை என்று உறுதியானால், ஒரு வருடச் செலவுக்குப் பணத்தைத் தனியே எடுத்துவைத்துவிட்டு விடுங்கள்.

பிராகில் ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு நா பொர்ஜிச்சி தெரு 7ஆம் எண் முன்னால் நில்லுங்கள். காஃப்காவின் அலுவலகம் அது, இப்போது தங்கும் விடுதி. அங்கிருந்து பழைய நகரச் சதுக்கத்துக்கு வந்து, பாரிஷ்ஸ்கா தெருவில் ஆற்றை நோக்கி நடங்கள். 1893இல் போட்ட சட்டத்தின்படி பழைய யூதக் குடியிருப்பை இடித்துப் போட்ட தெரு அது. 'தீர்ப்பு' எழுதியபோது அவர் குடும்பம் அதன் ஆற்றங்கரை முனையில் குடியிருந்தது. அந்த வீடு 1945இல் அழிந்துவிட்டது. அவர் சன்னலுக்கு எதிரே 1908இல் திறந்த பாலம் இருக்கிறது. கதை ஒரு பாலத்தில்தான் முடியும். பாலத்துக்கோ ஊருக்கோ கதையில் பெயர் கிடையாது. அலுவலக வாசலிலிருந்து அந்தப் பாலம் வரை உங்கள் நடையில் எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து இடப்பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.