மாசி வீதிக் கடையைக் காலி செய்யச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: மதுரை மாசி வீதியில் 1974-இல் எங்கள் தாத்தா தொடங்கிய கடை இது. மூன்று தளம். பாத்திரம், பொம்மை, ஸ்டேஷனரி, ஃபேன்சி, பள்ளிச் சீருடை என்று எல்லாமே கிடைக்கும். கட்டடம் வாடகை. பின்பக்கக் காலியிடத்தில் தாத்தா கட்டிய குடோன் ஒன்றும் உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை, வாடகையை ரொக்கமாகத்தான் கொடுத்து வந்தோம். பழைய ஓனரின் பிள்ளைகள் இப்போது கட்டடத்தை ஒரு ஜவுளி நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். ஒரு புரோக்கர் வந்து, "பதினோரு மாத அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போடுங்கள், இல்லையென்றால் ஐந்து லட்சம் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்" என்கிறார். வியாபாரமும் பாதியாகிவிட்டது. முன்பக்கத்தைச் செல்போன் கடைக்குக் கொடுத்து வாடகையைச் சமாளிக்கலாம் என்கிறான் தம்பி. ஐம்பது வருடக் கடையை இப்படிக் காலி செய்ய வைக்க முடியுமா?
– வாசகி, மதுரை

பதில்: முடியும். ஆனால் புரோக்கரால் முடியாது. வாடகை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்களை வெளியேற்ற யாருக்கும் அதிகாரமில்லை. உங்கள் பேரம் முழுவதும் இந்த இரண்டு உண்மைகளுக்கு நடுவில்தான் நடக்க வேண்டும்.

முதலில், "ஐம்பது வருடம் இருந்துவிட்டோம், ரென்ட் கன்ட்ரோல் நம்மைக் காப்பாற்றும்" என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். வாடகைதாரருக்குப் பெரிய அரணாக இருந்த 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் (ரென்ட் கன்ட்ரோல்) இப்போது இல்லை. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. எத்தனை வருடம் இருந்தீர்கள் என்று இது கேட்பதில்லை. என்ன எழுதிக்கொண்டீர்கள் என்றுதான் கேட்கிறது. எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதே, காலி செய்யக் கோரிக் கட்டட உரிமையாளர் மனுப் போட ஒரு காரணம். தன் சொந்தத் தேவைக்கு இடம் வேண்டும் என்பது இன்னொரு காரணம். வாங்கியிருப்பது ஜவுளி நிறுவனம், அதற்கு அந்த இடத்திலேயே கடை வேண்டும் என்றால் அந்தக் காரணம் கையில் தயாராக இருக்கிறது. வழக்கில் ஜெயித்து என்றைக்கும் அங்கேயே இருந்துவிடலாம் என்று எந்த வக்கீலாவது சொன்னால், அவரிடம் ஃபீஸ் கட்டாதீர்கள்.

உரிமையாளர் மாறிவிட்டதால் உங்கள் வாடகை உரிமை அறுந்துபோகாது. வாங்கியவர் பழைய ஓனரின் இடத்துக்கு வருகிறார், அவ்வளவுதான். தாத்தா காலத்து அட்வான்ஸுக்கும் அவரிடமே கணக்குக் கேட்கலாம். ஆனால் அதற்குச் சீட்டு வேண்டும். பழைய பீரோ, கடையின் கணக்கு நோட்டு, வருமானவரி ஆடிட்டரின் ஃபைல் எல்லாவற்றையும் தேடுங்கள். வருடாவருடம் ஆடிட்டர் வாடகைச் செலவு என்று காட்டிய பக்கங்கள் நல்ல ஆதாரம்.

இந்த மாதத்திலிருந்து ஒரு ரூபாயைக்கூட ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். புது உரிமையாளரிடம் எழுத்தில் வங்கிக் கணக்கைக் கேட்டு அதில் போடுங்கள். வாங்க மறுத்தால் மணியார்டர் அனுப்புங்கள். அதையும் திருப்பி அனுப்பினால் ரென்ட் அத்தாரிட்டியிடம், அதாவது இந்தச் சட்டப்படி வாடகை விவகாரங்களைக் கவனிக்கும் அரசு அதிகாரியிடம், கட்டலாம். இரண்டு மாத பாக்கி, நோட்டீஸ் வந்த பிறகும் கட்டாதது, இந்த இரண்டும் சேர்ந்தால் எதிர்த் தரப்பின் வேலை சுலபமாகிவிடும். "வாடகையை நிறுத்தி வையுங்கள், தானாக வழிக்கு வருவார்கள்" என்று கடைத்தெருவில் இலவச ஆலோசனை நிறையக் கிடைக்கும். அதைக் கேட்டுக் கடையை இழந்தவர்கள் ஏராளம்.

இப்போது தம்பியின் யோசனைக்கு வருகிறேன். தயவுசெய்து வேண்டாம். உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் இடத்தின் ஒரு பகுதியை வேறொருவர் கையில் ஒப்படைத்தாலும், காலி செய்யக் கேட்க அது தனிக் காரணம். மூன்று தளத்தில் எட்டடிக்கு எட்டடி கவுன்டர் என்றாலும் சட்டத்துக்கு அது உள்வாடகைதான். நகரத்தின் நடுவில் உள்ள பழைய பெரிய கடைகள் நொடிக்கும்போது முதலில் செய்யும் காரியமே இது. முன்பக்கம் செல்போன் கவரும் சார்ஜரும், வாசலில் ஜூஸ் கடை, படிக்கட்டுக்குக் கீழே வாட்ச் ரிப்பேர். தினமும் கைக்குக் காசு வருகிறது என்று தோன்றும். வேடிக்கை பார்க்க வருவதுபோல் ஒருவர் வந்து, செல்போன் கடையின் பெயர்ப்பலகையையும், அவர்கள் தங்கள் ஜிஎஸ்டி எண்ணில் போட்டுக் கொடுக்கும் பில்லையும், தனியாக ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடையும் படமெடுத்துப் போவார். அந்த மூன்று படமே நீதிமன்றத்துக்குப் போதும். சில இடங்களில் செல்போன் கடைக்காரரை அழைத்து வருபவரே எதிர்த் தரப்பின் புரோக்கராக இருப்பார். சித்தப்பாவையோ நண்பரையோ பார்ட்னராகச் சேர்ப்பதென்றாலும், ஒரு வக்கீலிடம் காட்டாமல் பத்திரம் எழுதாதீர்கள். அதையும் உள்வாடகை என்று வாதாடுவார்கள்.

அந்தப் பதினோரு மாத அக்ரிமென்ட். "பதினோரு மாதம்தானே, ரிஜிஸ்தர் தேவையில்லை" என்று புரோக்கர் சொல்லியிருப்பார். அது பழைய கதை. எத்தனை மாத ஒப்பந்தமாக இருந்தாலும் ரென்ட் அத்தாரிட்டியிடம் பதிந்தாக வேண்டும், பதியாத ஒப்பந்தம் உங்களுக்குக் கைகொடுக்காது. அதைவிட ஆபத்து, அந்தத் தாளில் நீங்கள் போடும் கையெழுத்து. ஐம்பது வருடமாகத் தொடரும் வாடகையை அது இன்றைக்குத் தொடங்கிய வாடகையாக மாற்றிவிடும். "காலம் முடிந்ததும் எந்த ஆட்சேபணையும் இன்றி ஒப்படைக்கிறேன்" என்ற வரியும் அதில் நிச்சயம் இருக்கும். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பதிவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சட்டம் பதியச் சொல்கிறது, நல்லதுதான். ஆனால் இப்படி ஒரு பதிவு தேவை என்பதையே பாதிக் கடைக்காரர்களுக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு கடைத்தெருவிலும் ஒரு முகாம் போட்டிருந்தால் எத்தனையோ வழக்குகள் பிறந்தே இருக்காது. தெரியாத சட்டத்தை மீறியதற்காக மக்கள் கடையை இழப்பதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வருகிறது.

பின்பக்கக் குடோன் விஷயம் வேறு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கட்டடத்தை வாடகைக்கு எடுப்பது ஒன்று, காலி மனையை வாடகைக்கு எடுத்து அதில் நாமே கட்டுவது இன்னொன்று. இரண்டாவது வகைக்கு 1921-ஆம் ஆண்டின் நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சென்னை, மதுரை போன்ற ஊர்களில் மிகப் பழைய மனை வாடகைதாரர்களுக்கு அது பொருந்தலாம். பொருந்தினால், கட்டியதற்கு நஷ்டஈடு கேட்கலாம். வெளியேற்ற வழக்குப் போட்டால், மனையை நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு நமக்கே விற்கும்படியும் கேட்கலாம். இதை சம்மன் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் கேட்டாக வேண்டும். அந்த ஒரு மாதத்தை, "பார்ப்போம், பேசிக்கொண்டுதானே இருக்கிறோம்" என்று விட்டவர்கள் பலர். உங்கள் விஷயத்தில் பார்க்க வேண்டியது மூன்று. குடோன் இருக்கும் மனைக்குத் தனி வாடகைச் சீட்டு இருக்கிறதா? குடோனுக்கு மாநகராட்சி வரி தாத்தா பெயரில் வந்ததா? அந்த மனை யாருடையது? கடை வாடகையோடு சேர்த்து ஒரே தொகையாகக் கொடுத்திருந்தால் உங்கள் வாதம் பலவீனம். மனை கோயிலுக்கோ மடத்துக்கோ வேறு மத அறக்கட்டளைக்கோ சொந்தம் என்றால் இந்தச் சட்டமே உங்களுக்குக் கிடையாது. 1996-இல் அந்த நிலங்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். மயிலாப்பூர் கிளப் வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. மாசி வீதிகளைச் சுற்றிக் கோயில், கட்டளை, அறக்கட்டளை மனைகள் உண்டு என்பதால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுத்துப் பார்க்காமல் ஒரு வார்த்தை பேசாதீர்கள். மனை அறநிலையத்துடையது என்று தெரியவந்தால், பழைய ஓனரின் பிள்ளைகள் விற்றது எதை என்ற கேள்வியும் எழும். அது உங்கள் பேரத்துக்குப் பலம்.

இனி வியாபாரம். நகர நடுவில் பெரிய கடை பிழைப்பதும் சாவதும் சரக்கைவிட இடத்தின் மீதுள்ள உரிமையால்தான் தீர்மானமாகிறது. டிமார்ட் பெரும்பாலும் இடத்தைச் சொந்தமாக வாங்கி அல்லது நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்துத்தான் கடை திறக்கிறது. பிக் பஜார் எவ்வளவு பெரிய பெயர்! வாடகை கட்ட முடியாமல் தவித்தபோது கடைகளின் குத்தகை ரிலையன்ஸ் கைக்குப் போனது. 2022 பிப்ரவரியில் அந்த இடங்களை ரிலையன்ஸ் எடுத்துக்கொள்ளத் தொடங்கியதும் நூற்றுக்கணக்கான கடைகள் பெயர் மாறின. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி.

அதனால் ஐந்து லட்சத்தை மறுப்பதோடு நிற்காதீர்கள், எதிர்த் தரப்பிடம் நீங்களே ஒரு திட்டம் வையுங்கள். லிஃப்ட் இல்லாத கடையில் இரண்டாம் மாடிக்கு இன்று யார் ஏறுகிறார்கள்? அங்கே இருக்கும் பழைய எவர்சில்வர் குடமும் விற்காத பொம்மையும் வாடகையைத்தான் தின்கின்றன. மேல் இரண்டு தளத்தையும் விட்டுக்கொடுத்து, தரைத்தளத்தை ஐந்து வருடத்துக்கு, ஆண்டு உயர்வு இவ்வளவு என்று எழுதி, சார்பதிவாளரிடமும் ரென்ட் அத்தாரிட்டியிடமும் பதிந்து கேளுங்கள். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிக் கட்டடங்களுக்கு உயரக் கட்டுப்பாடு இருப்பதால், இடித்துவிட்டு ஏழு மாடி எழுப்பும் கணக்கு அங்கே எளிதில் நடக்காது. இருக்கும் கட்டடத்தையே பயன்படுத்த நினைக்கிறவர்களோடு பேச இடமுண்டு. தரைத்தளத்தில் சீருடை, பாத்திரம், ஸ்டேஷனரி இந்த மூன்றையும் வைத்துக்கொண்டால் போதும். சைஸ் பார்த்து, தொட்டுப் பார்த்து வாங்கும் பொருளுக்கு இன்னமும் கடைத்தெருவுக்குத்தான் வருகிறார்கள்.

அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, போவதே சரி என்று முடிவானால், தொகையை நிறுவனத்தின் அதிகாரியிடமே பேசுங்கள். புரோக்கர் சொல்லும் ஐந்து லட்சம் நிறுவனம் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகையாக இருக்க வேண்டும் என்பதில்லை. இடையில் எவ்வளவு நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அட்வான்ஸ், சரக்கை ஏற்றிச் செல்லும் செலவு, புது இடத்தின் முன்பணம், வேலையாட்களுக்குக் கொடுக்க வேண்டியது எல்லாவற்றையும் கூட்டி எழுதிக் கேளுங்கள். உடன்பாட்டைப் பத்திரத்தில் எழுதி, வங்கி டிடியைக் கையில் வாங்கிய பிறகே சாவியைக் கொடுங்கள். "பாதி இப்போது, மீதி காலி செய்தபின்" என்பதற்கு இணங்க வேண்டாம்.

இதற்கிடையில் கரன்ட்டை நிறுத்தினாலோ, ஷட்டருக்கு வேறு பூட்டுப் போட்டாலோ அன்றைக்கே படமெடுத்து, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். மின்சாரம், தண்ணீரைத் தடுத்தால் ரென்ட் அத்தாரிட்டியிடம் மனுக் கொடுக்கலாம். வக்கீல் நோட்டீஸ் வந்தால் வாங்க மறுக்காதீர்கள். உறையை வைத்துக்கொண்டு, வந்த தேதியை அதன் மேலேயே எழுதி, வாடகைச் சீட்டுகளோடும் நில அளவை நகலோடும் அந்த வாரமே உங்கள் வக்கீலிடம் போங்கள்.