அவர் கேட்கும் வீடு

கேள்வி: என் கணவருக்கு 74 வயது. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடமாக அல்சைமர் என்ற மறதி நோய். சாயங்காலம் ஐந்து மணியானால் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறார். "வீட்டுக்குப் போகணும், அம்மா தேடுவாங்க" என்கிறார். மாமியார் இறந்து 30 வருடமாகிறது. இது நம் வீடுதான் என்று கரன்ட் அட்டையில் அவர் பெயரைக் காட்டினேன். கோபம்தான் கூடுகிறது. போன வாரம் என்னையே "நீங்க யாரும்மா?" என்று கேட்டுவிட்டார். சத்தம் போட்டுவிட்டேன். அப்புறம் நாள் முழுக்க அழுதேன்.
– ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: அம்மா, முதலில் அந்தக் கரன்ட் அட்டையை உள்ளே வைத்துவிடுங்கள். அவர் கேட்பது விலாசம் இல்லை. பயமில்லாமல் இருந்த ஓர் இடத்தை. அல்சைமர் பெரும்பாலும் புது நினைவுகளைப் பதிய வைக்கும் பகுதியைத்தான் முதலில் பிடிக்கும். இருக்கிற வீடு மறந்து, பிறந்த வீடு நிற்பது அதனால்தான்.

"உங்கம்மா போய்ச் சேர்ந்தாச்சு" என்று சொன்னால், ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் சாவு. சொல்லாதீர்கள். பொய் சொல்லச் சொல்கிறேனா? வேண்டியிருந்தால், ஆமாம். ஆனால் அதற்கு அவ்வளவாகத் தேவை வராது. "அம்மா உங்களுக்கு என்ன செஞ்சு குடுப்பாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அடை, பணியாரம் என்று பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். "இந்நேரத்துக்கு எந்த வண்டிங்க வரும்?" என்று கேட்டாலும் சரி, ரயில்வேக்காரர் பதில் சொல்லாமல் இருப்பாரா?

பையைப் பிடுங்காதீர்கள். "சரிங்க, போலாம். செருப்பு போட்டுட்டு வரேன்" என்று கூடவே கிளம்புங்கள். தெருமுனைப் பிள்ளையாரைச் சுற்றிவிட்டுத் திரும்பி, படியேறும்போது "வந்துட்டோம்" என்று சொல்லுங்கள். பல நாள் அதுவே போதும். எல்லா நாளும் பலிக்காது. நேற்று வந்தவர் இன்று கையை உதறுவார். பொழுது சாய்கிற நேரத்தில் குழப்பம் கூடுவது இந்த நோயில் சகஜம். நாலரைக்கே எல்லா விளக்கையும் போட்டு, காபியைக் கொடுத்துவிடுங்கள். ஜன்னல் கண்ணாடியில் தன் நிழலையே அந்நியன் என்று நினைப்பதும் உண்டு. திரையை இழுத்து விடுங்கள்.

"நீங்க யாரும்மா?" என்ற கேள்விக்கு என்னிடம் மருந்து இல்லை. வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் பாருங்கள், பிளாட்பாரத்தில் பயணியைக் கேட்கிற மாதிரி மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். "என்னைத் தெரியலையா?" என்று பரீட்சை வைக்காதீர்கள். எதிரில் வந்து, அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து, "என்னங்க, நான்தான். காபி ஆறுது" என்று சொல்லுங்கள். பெயர் பிடிபடாத நாளிலும் அந்த 'என்னங்க' பிடிபடலாம். சத்தம் போட்டதற்கு உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம். கோபம் வந்தால் பக்கத்தில் யாரையாவது இருக்கச் சொல்லிவிட்டு, கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள். என்ன நடந்தது என்பது அவருக்கு மறந்துபோகும்; நடுக்கம் மட்டும் கொஞ்ச நேரம் இருக்கும். கையைப் பிடித்துக்கொண்டால் அதுவும் அடங்கும்.

ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் முற்றினால், நோய் வளர்ந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடம்பில் நீர் குறைவது, புது மாத்திரை, எதுவாகவும் இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாக மெடிக்கலில் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

அவர் சட்டைப்பையில் உங்கள் போன் நம்பரை எழுதி வைத்திருக்கிறீர்களா? இன்றைக்கே வையுங்கள். பேச ஆள் வேண்டும்போது 14567, முதியோருக்கான அரசு உதவி எண். காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள்.