நீர்மூழ்கி வீரர்கள் தங்கள் பழைய கப்பலை எவ்வாறு போற்றுகிறார்கள்?

ஓய்வுபெற்ற நீர்மூழ்கி வீரர்கள், தாங்கள் பணியாற்றிய நீர்மூழ்கிக் கப்பல், கடற்படையிலிருந்து விலக்கப்பட்ட பின் அதை எப்படி நினைவுகூர்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நம் நாட்டில் இதற்குச் சிறந்த சான்று, விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பல். 1969 டிசம்பரில் படையில் சேர்ந்து, 31 ஆண்டுகள் பணியாற்றி, 2001-இல் ஓய்வுபெற்ற அந்த 91 மீட்டர் நீளக் கப்பல், 2002 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே ஓய்வுபெற்ற கடற்படையினரே வழிகாட்டிகளாக நின்று விளக்கம் சொல்வதுதான் என் பார்வையில் அதன் உண்மையான சிறப்பு.

ஏற்காட்டில் வசிக்கும் என் பெரியப்பா நீர்மூழ்கியில் பணியாற்றியவர். சேலத்திலிருந்து ரயிலில் அவரை அங்கே அழைத்துச் சென்றபோது, குனிந்து நுழைய வேண்டிய வட்டக் கதவுக்குள், தலை இடிக்காமல், ஒரு காலை முன்னே நீட்டி அவர் இளைஞரைப் போலப் புகுந்ததையும், ஒடுங்கிய படுக்கையொன்றின் விளிம்பைத் தடவியபடி நெடுநேரம் பேசாமல் நின்றதையும் என்னால் மறக்க முடியவில்லை.

கடலிலேயே கப்பலை இழந்தவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. அமெரிக்காவில், இரண்டாம் உலகப்போரில் இழந்த 52 நீர்மூழ்கிகளின் பெயர்களை வாசித்து, ஒவ்வொரு பெயருக்கும் மணியடிக்கிறார்கள். இங்கே, நம் முதல் நீர்மூழ்கியான கல்வரி 1967-இல் படையில் சேர்ந்த டிசம்பர் 8, நீர்மூழ்கியர் நாளாகப் போற்றப்படுகிறது. அன்று காலை பெரியப்பா தம் கப்பலின் பித்தளைச் சின்னத்தைப் புளி போட்டுத் துலக்கி, கூடத்தில் மாட்டுவார்.